மூன்று மாதக் கைக்குழந்தையை யாரிடம் விடுவது? சுங்கை சிப்பூட் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

மூன்று மாதத் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பேறுகால விடுப்பு இம்மாத இறுதியில் முடிகிறது. 2023 ஜனவரி முதல் மலேசியாவில் அந்த விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்ததால்தான் இவ்வளவு நாளாவது மகளோடு இருக்க முடிந்தது. இருந்தாலும், நான் வேலைக்குத் திரும்பும்போது அவளுக்குக் கழுத்துகூட நன்றாக நின்றிருக்காது என்பதை நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை.

நான் ஈப்போவில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் முறைவேலை பார்க்கிறார். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். காலமெல்லாம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். இப்போது சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டு, தரையில் உட்கார்ந்தால் எழுவதற்கு ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் பேத்தியைத் தாமே பார்த்துக்கொள்வதாகத்தான் சொல்கிறார்.

அது ஒரு வழி. இரண்டாவது, எங்கள் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) அருகில் இருக்கும் பதிவு பெற்ற தாஸ்கா, அதாவது குழந்தைப் பராமரிப்பு மையம். மாதம் 550 வெள்ளி (ரிங்கிட்), மறைக்காணி (சிசிடிவி) உண்டு, மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். மூன்றாவது, பின்வரிசையில் இருக்கும் ஓர் அத்தை. பல ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், 350 வெள்ளிதான் கேட்கிறார், எத்தனை மணிக்குப் போனாலும் முகம் சுளிக்க மாட்டார், குழந்தையிடம் தமிழில் பேசுவார். இப்போது அவரிடம் ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். எவரையும் இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிட விரும்பவில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதை மட்டும் அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய தோட்டத்துக்காரன் எழுதியது:

வணக்கம், மகளே. நான் லிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அம்மா இருட்டோடு பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போகும் வழியில் என் தம்பியை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். வரிசையாக ஏணைகள் கட்டியிருக்கும். ஒரே ஆயா ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். அந்த ஆயா எங்கள் லயத்திலேயே (தொழிலாளர் வீட்டு வரிசையிலேயே) குடியிருந்தவர் என்பதால், எந்தக் குழந்தைக்கு எந்த நேரத்தில் பசிக்கும், எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தோட்ட நிர்வாகம் குழந்தைக் காப்பகம் அமைப்பது பற்றி 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டத்திலும் விதி இருக்கிறது. ஆனால், தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் தாமான்களுக்குக் குடிவந்தபோது, அந்தக் கொட்டகை கூட வரவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக ஆள் தேட வேண்டியதாயிற்று.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டில் பாட்டி இருக்கும்போது குழந்தையை வெளியில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சம்பளத்துக்குப் பார்ப்பவரின் பொறுமை மாலை நான்கு மணிக்குத் தீர்ந்துபோகும். பாட்டியின் பொறுமை தீராது. வேண்டுமானால் பாட்டிக்கு உதவியாக ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற தாதி எழுதியது:

ஐயா சொல்வதில் உள்ள அக்கறையை நான் மதிக்கிறேன். பாட்டியின் அன்பில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால், சுகாதார கிளினிக்கில் தாய் சேய் பகுதியில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் ஒருவர் குழந்தையைப் பார்க்கும் மும்முரத்தில் நேரத்துக்குச் சாப்பிடாமல் விட்டால், சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இல்லையென்றால் பாட்டிக்கும் ஆபத்து, பேத்திக்கும் ஆபத்து. மூன்று மாதத்தில் படுத்துக் கிடக்கும் குழந்தை ஏழு, எட்டு மாதத்தில் தவழத் தொடங்கும். முழங்கால் வலி உள்ளவரால் அதன் பின்னால் ஓட முடியாது. உதவிக்கு ஆள் வைக்கலாம் என்று ஐயா சொல்வது நல்ல யோசனைதான். அந்த ஆள் உண்மையில் கிடைத்து, நாள்தோறும் வருவாரா என்பதுதான் நம் ஊரில் கேள்வி.

மகளே, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது, அதைத் தூக்கும் கை எத்தனை குழந்தைகளுக்குப் பொதுவானது என்பதைத்தான். சுவர் ஓவியம், விளையாட்டுச் சாமான், ஆங்கிலப் பாட்டு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. 2012ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மைய விதிமுறைகள் ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்கின்றன. ஒன்று முதல் மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர். கைக்குழந்தைக்கு மட்டும் ஏன் மூன்று என்று வைத்தார்கள் என்பதைப் பால் கொடுக்கும் நேரத்தில் போய் நின்றால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். ஒரு குழந்தையை மடியில் சாய்த்துப் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, பிறகு படுக்க வைக்க அரை மணி நேரமாவது ஆகிவிடும். அதற்குள் மற்ற இரண்டும் அழத் தொடங்கியிருக்கும்.

அடுத்தது தூக்கம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். சமமான, உறுதியான மெத்தை வேண்டும். தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஏணையைப் பற்றிச் சொன்னால் பலருக்கு வருத்தம் வரும் என்று தெரியும், நாமெல்லாரும் அதில்தான் வளர்ந்தோம். ஆனால், சிறு குழந்தை ஏணைத் துணிக்குள் சுருண்டு, தாடை நெஞ்சில் முட்டிக்கொண்டால் மூச்சுப் பாதை அடைபடக்கூடும். கழுத்து நிற்காத குழந்தையால் தானாகத் தலையை நிமிர்த்த முடியாது. ஆகவே, எங்கே விட்டாலும், குழந்தை எதில் தூங்கும், யார் கண்பார்வையில் தூங்கும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

தாஸ்கா பராமரிப்பாளர் எழுதியது:

வணக்கம், தங்கச்சி. நான் நீங்கள் குறிப்பிடும் இடத்தில் வேலை செய்பவள் அல்ல. வேறு ஊரில் ஒரு தாஸ்காவில் கைக்குழந்தைப் பிரிவில் இருக்கிறேன். தாதி அம்மா சொன்ன கணக்கு சரி. ஆனால், அந்தக் கணக்கு காலை பத்து மணிக்குச் சரியாக இருப்பதும் மாலை ஐந்தரைக்குச் சரியாக இருப்பதும் ஒன்றல்ல. பிற்பகலில் பராமரிப்பாளர்களில் சிலர் முறை முடிந்து கிளம்பிவிடுவார்கள். குழந்தைகளில் பலர் இன்னும் இருப்பார்கள். பெற்றோர் பெரும்பாலும் காலையில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்து பார்ப்பதால் இதைக் கவனிப்பதில்லை. நீங்கள் மாலை ஐந்து மணியை ஒட்டிச் சொல்லாமல் போய் நில்லுங்கள். உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை. சுகாதாரக் காரணத்துக்காக அப்படி நிறுத்துவது நியாயம்தான். வாசலில் நிற்கும்போது காதில் விழும் சத்தமும், அழும் குழந்தையிடம் எவ்வளவு நேரத்தில் ஒருவர் போகிறார் என்பதும் போதுமான செய்தி சொல்லும்.

நீங்கள் கேட்க வேண்டிய இன்னொன்று, கைக்குழந்தைப் பிரிவில் இருப்பவர் அங்கே எவ்வளவு காலமாக வேலை செய்கிறார் என்பது. எங்கள் தொழிலில் சம்பளம் குறைவு, ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். குழந்தை ஒரு முகத்துக்கும் ஒரு வாசனைக்கும் பழகி, அந்த ஆள் திடீரென நின்றுவிட்டால், குழந்தை சில வாரம் சரியாகப் பால் குடிக்காமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் பேசுவதைவிடக் குழந்தையைத் தூக்கப்போகிறவரிடம் நீங்களே நேரில் பேசுவது நல்லது. அவர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே கை கழுவுகிறாரா, அல்லது பேம்பர்ஸ் மாற்றிய கையோடு அடுத்த பால் புட்டியை எடுக்கிறாரா என்று பாருங்கள்.

மறைக்காணியை நம்பி நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அது நடந்ததைக் காட்டும், நடக்கவிருப்பதைத் தடுக்காது. குளியல், பேம்பர்ஸ் மாற்றும் இடங்களில் அது இருக்கவும் கூடாது.

தாமான் அம்மா எழுதியது:

எல்லாரும் தாஸ்காவையே உயர்த்திப் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் இரண்டு பிள்ளைகளும் அக்கம்பக்கத்து அத்தை ஒருவரிடம்தான் வளர்ந்தார்கள். என் பிள்ளைகளோடு சேர்த்து மூன்று பேர்தான் அவரிடம் இருந்தார்கள். நான்காவதாக ஒருவர் கேட்டபோது முடியாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாஸ்கா திருப்பி அனுப்பிவிடும். அத்தை மடியில் வைத்துக்கொள்வார். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு அத்தகைய அத்தைகள்தாம் துணை. சான்றிதழ் இல்லை என்பதற்காக அவர்கள் எல்லாரையும் ஒதுக்குவது நியாயமில்லை.

தாஸ்கா பராமரிப்பாளர் எழுதியது:

அக்கா, உங்கள் அத்தை மூன்று பேரோடு நிறுத்திக்கொண்டாரே, அதுதான் அவரை நல்லவர் ஆக்குகிறது. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டமும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. நான்கு வயதுக்குட்பட்ட, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ கட்டணத்துக்குப் பார்க்கப்படும் இடம் சமூக நலத் துறையில் பதிவு செய்யப்பட வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் வீட்டிலேயே நடத்தும் மையமாகப் பதிவு செய்துகொள்ளலாம். யாரும் அத்தைகளைக் கடையை மூடச் சொல்லவில்லை. பதிவு என்று போனால் தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை, ஊராட்சி மன்றம் எல்லாம் அந்த வீட்டைப் பார்க்கும். பராமரிப்பாளர் பயிற்சி எடுக்க வேண்டும், டைஃபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். தங்கச்சி, அந்த ஏழு பேரில் நான்கு வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை பேர், கைக்குழந்தைகள் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். பள்ளி முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் பாடம் எழுதும் பிள்ளைகள் நால்வர் அதில் இருந்தால் நிலைமை வேறு.

வரிச் சலுகையும் இதில் அடங்கியிருக்கிறது. ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்குப் பதிவு பெற்ற மையத்தில் கட்டும் கட்டணத்துக்கு 3,000 வெள்ளி வரை வரிவிலக்கு கேட்கலாம். ஒரே பிள்ளைக்குக் கணவன், மனைவி இருவரில் ஒருவர்தான் கேட்க முடியும். அது வரி கணக்கிடப்படும் வருமானத்திலிருந்து கழியும் தொகையே தவிர, கையில் வரும் பணம் அல்ல. ஆகவே 200 வெள்ளி வித்தியாசம் முழுவதும் அதில் ஈடாகிவிடும் என்று எண்ண வேண்டாம்.

முறைவேலை அப்பா எழுதியது:

சகோதரி, உங்கள் கணவரைப் போல நானும் முறைவேலை பார்ப்பவன். குழந்தையைக் கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் பெரும்பாலும் என் வேலை. பராமரிப்பவரிடம் முன்பே பேசி வைக்க வேண்டியதாக எனக்குப் படும் ஓர் ஏற்பாட்டைச் சொல்கிறேன். குழந்தை வழக்கமாக வரும் நேரம் கடந்து அரை மணி ஆகியும் வரவில்லையென்றால், பராமரிப்பவர் தாய், தந்தை இருவரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி போதாது, அழைப்பு வேண்டும். இரவு முறை முடித்து அரைத் தூக்கத்தில் கார் ஓட்டும் தகப்பன், பின்னிருக்கையில் தூங்கும் குழந்தையை மறந்து வண்டியைப் பூட்டிவிட்டுப் போகும் துயரம் நம் நாட்டில் நடந்திருக்கிறது. அன்பில்லாதவர்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைப்பது தவறு. தூக்கமில்லாத எவருக்கும் நடக்கலாம். நம் வெயிலில் மூடிய காருக்குள் சூடு நிமிடங்களில் ஏறிவிடும். நான் என் வேலை அட்டையையும் ஒரு காலணியையும் பின்னிருக்கையில் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். அவற்றை எடுக்காமல் ஆலைக்குள் நுழைய முடியாது.

இன்னொன்று. 2023 முதல் வேலைச் சட்டத்தின் 60P, 60Q பிரிவுகளின்படி, வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கட்டாயம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் பதிலுக்கு அவ்வளவு நாள் ஆகலாம் என்பதால், வேலைக்குத் திரும்பிய பிறகு கேட்பதைவிட இப்போதே கொடுத்துவிடுங்கள். காலை ஏழரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடிக்க அனுமதி கிடைத்தால், ஆறு மணிக்கு மூடும் தாஸ்கா உங்களுக்குச் சிக்கலாக இருக்காது.

மூன்று மாதத் தாய் எழுதியது:

எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே மாலை நேரத்தில் இரண்டு இடங்களுக்கும் போனேன்.

அத்தை வீட்டில் நால்வர் நான்கு வயதுக்குட்பட்டவர்கள். அவர்களில் இருவர் கைக்குழந்தைகள். அத்தை சமையலறையில் பெரிய பிள்ளைகளுக்குத் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் ஒரு குழந்தை மெத்தையில் படுத்திருக்க, அதன் வாயில் பால் புட்டி இருந்தது. புட்டி சாயாமல் நிற்க ஒரு துண்டை மடித்து முட்டுக்கொடுத்திருந்தார்கள். பிடித்துக்கொள்ள யாருமில்லை. குழந்தை குடித்து முடித்த பிறகும் பால் கன்னத்தின் ஓரமாக வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அத்தை வந்ததும் துடைத்து, தூக்கி முத்தமிட்டார். அவர் அன்பானவர் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு இரண்டு கைகள்தாம்.

தாஸ்காவில் என்னை வாசலில்தான் நிறுத்தினார்கள். சான்றிதழ் சுவரில் இருந்தது. கைக்குழந்தைப் பிரிவில் ஒரு மலாய் அக்கா இருந்தார். அவரிடம் இரண்டு குழந்தைகள், என் மகள் சேர்ந்தால் மூன்றாவது. குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பால் பையிலும் குழந்தையின் பெயரும் கறந்த தேதியும் நேரமும் எழுதப்பட்டிருந்தன. எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. தமிழ் பேசுபவர் பெரிய பிள்ளைகள் பிரிவில்தான் இருக்கிறார். மாலையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது.

கணவரும் மாமியாரும் நானும் உட்கார்ந்து பேசினோம். தாஸ்காவில் சேர்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். மாமியாருக்கு முதலில் வருத்தம்தான். மாலையில் குழந்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் சமைத்து முடிக்கும் வரை பேத்தி தம் மடியில்தான் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தமிழும் தாலாட்டும் அந்த மடியில் கிடைத்துவிடும். வேலை நேரம் மாற்றும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். பதில் வரும்வரை கணவர் ஒரு நண்பரோடு முறையை மாற்றிக்கொண்டு மாலையில் கூட்டி வருவார்.

பழைய தோட்டத்துக்காரன் எழுதியது:

பாட்டிக்கு மாலையில் இடம் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அது போதும், மகளே. அந்தத் துண்டு முட்டுக்கொடுத்த புட்டியைப் பற்றிப் படித்தபோது, ஆயாக் கொட்டகையிலும் அப்படி நடந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றியது. அந்த அத்தையிடமும் யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தை இன்னும் அங்கேதானே இருக்கிறது.

ஓய்வு பெற்ற தாதி எழுதியது:

ஐயா சொன்னது மிக முக்கியம். படுத்த நிலையில் முட்டுக்கொடுத்த புட்டியில் பால் குடிக்கும் குழந்தைக்குப் புரையேறினால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. பராமரிப்பாளர் வீடுகளில் குழந்தைகள் இறந்த செய்திகளில் இந்தப் புரையேறுதல் மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது. அத்தையைக் குற்றவாளியாக்காமல், பதிவு செய்துகொண்டால் பயிற்சியும் உதவியாளும் வைத்துக்கொள்ள வழி உண்டு என்று சொல்லுங்கள். சுங்கை சிப்பூட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால், அந்த மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றும் எந்த நிலையிலும் 15999 என்ற எண்ணில் தாலியான் காசே என்னும் அரசு உதவித் தொலைபேசிச் சேவையை அழைக்கலாம்.

பால் பற்றி இரண்டு வார்த்தை. கறந்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரைதான் தாங்கும், நம் ஊர் வெக்கையில் அவ்வளவு நேரம்கூட வெளியில் வைக்க வேண்டாம். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் நான்கு நாள் வரை வைக்கலாம். குழந்தை வாய் வைத்துக் குடித்து மீந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிட வேண்டும். அதனால் பெரிய பைகளாக அனுப்பாமல் சிறு அளவுகளாகப் பிரித்து அனுப்புங்கள். உங்கள் உழைப்பு வீணாகாது. மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது என்பதைத் தாஸ்காவிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

விடுப்பு முடிவதற்கு முந்திய வாரத்திலேயே குழந்தையைச் சிறிது நேரம் விட்டுப் பழக்குங்கள். முதல் நாள் நீங்களும் அருகில் இருங்கள். பிறகு ஒரு வேளைப் பாலை அந்த அக்கா கொடுக்கட்டும். தாயின் வாசனை பக்கத்தில் இருக்கும்போது சில குழந்தைகள் புட்டியைத் தொடாது, ஆகவே அந்த நேரத்தில் வெளியே போய் நில்லுங்கள்.

தடுப்பூசியில் இரண்டாம், மூன்றாம் மாத ஊசிகள் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்தது நான்காம் மாதத்தில் நிமோகாக்கஸ், ஐந்தாம் மாதத்தில் ஆறு நோய்த் தடுப்பூசியின் மூன்றாம் தவணை. தட்டம்மைக்கான ஊசி ஒன்பதாம் மாதத்தில்தான் வரும். அதுவரை உங்கள் மகளுக்குப் பாதுகாப்பு மற்ற பிள்ளைகள் ஊசி போட்டிருப்பதில்தான் இருக்கிறது. எனவே, சேர்க்கும்போது பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவைப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். பதிவுப் புத்தகத்தில் அடுத்த இரண்டு ஊசிகளின் தேதியையும் பார்த்து, அந்த நாளுக்கும் மறுநாளுக்கும் உங்களில் யார் விடுப்பு எடுப்பது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் தாஸ்காவில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று மாதத் தாய் எழுதியது:

சரி, அம்மா. நான்காம் மாத ஊசிக்கு நான் எடுக்கிறேன், ஐந்தாம் மாதத்துக்குக் கணவர் எடுப்பதாகச் சொல்லிவிட்டார். அத்தையிடம் மாமியாரே போய்ப் பேசுகிறாராம். இருவரும் ஒரே தோட்டத்தில் ஒரே நிரையில் மரம் வெட்டியவர்கள் என்பதால் அவர் சொன்னால் கேட்பார் என்கிறார்.